கொங்கு நாட்டின் துறைமுகம்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் நெடுஞ்சாலையில், மேற்கே குருடிமலைத் தொடரைப் பார்த்தபடி அமைந்திருக்கும் பெரியநாயக்கன்பாளையத்தில், அயல்தேசக் கப்பல் நிறுவனங்களின் பெயர்களைத் தாங்கிய நீண்ட இரும்புப் பெட்டிகளைச் சுமந்துகொண்டு லாரிகள் போவதையும் வருவதையும் ஊரார் எவரும் இன்று நின்று பார்ப்பதில்லை. கடற்காற்று ஒருநாளும் எட்டாத ஊர் இது. மேற்கே கொச்சிக்குப் போவதானால் ஏறத்தாழ 200 கிலோமீட்டர்; தென்கிழக்கே தூத்துக்குடிக்குப் போவதானால் 350 கிலோமீட்டருக்கும் மேல். இருந்தும் இவ்வூரின் நூற்பு யந்திரங்களும், சுற்றுப்புறத்துப் பட்டறைகளில் வார்க்கப்படும் பம்புகளும், ஆலைகளின் நூலும் பல தேசங்களின் கரைகளில் சென்று இறங்குகின்றன. கொங்கு நாட்டைக் கடலில்லாத நாடு என்று பூகோளம் சொல்லலாம். சரித்திரம் அவ்வாறு சொல்லவில்லை. துறைமுகத்தை உண்டாக்குவது கடலா, அதன் பின்னால் இருக்கும் நாடா என்று கேட்டால், தூத்துக்குடியின் கதையைப் படித்தவன் நாட்டின் பக்கமே தீர்ப்பளிப்பான் என்பது என் துணிபு. அந்தக் கதையில் கொங்கு நாட்டுக்கு உள்ள பங்கு போதிய அளவு பேசப்படவில்லை என்ற குறையே இதை எழுதத் தூண்டிற்று.

பழங்காலத்தில் கொங்கு நாட்டின் கடல்வாயில் மேற்கே இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இயற்கை விட்ட 30 கிலோமீட்டர் அகலமான இடைவெளியாகிய பாலக்காட்டுக் கணவாய் வழியாகவே முசிறியின் யவன வணிகம் உள்நாட்டுக்குள் புகுந்தது. நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகள், அங்கே கல்மணிகள் பட்டை தீட்டப்பட்டதையும் இரும்பு உருக்கப்பட்டதையும் காட்டின. பதிற்றுப்பத்து புகழும் கொடுமணம் இதுவே என்பர். கோவைக்கு அருகே வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த புதையல் முதலாக, ரோமானிய நாணயங்கள் இப்பகுதியில் மீண்டும் மீண்டும் வெளிப்பட்டிருக்கின்றன. சுண்டக்காமுத்தூருக்கு அருகே பாறையில் பொறிக்கப்பட்டுள்ள ராஜகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, சோழர் காலத்திலும் அந்த மேற்கு வழியே இந்நாட்டின் ராஜபாட்டையாக விளங்கியதற்குச் சாட்சி.

தூத்துக்குடியின் கதை வேறு வகையானது. தாமிரபரணியின் முகத்துவாரத்தில் முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை, ஆறு கொணர்ந்த வண்டலால் கடலை இழந்தது. அதன்பின் காயல் தலையெடுத்து, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த பட்டினமாயிற்று. அதுவும் தூர்ந்து ஒதுங்கியபோது, அதுவரை பெயர் சொல்லும்படி இராத தூத்துக்குடிக்கு முறை வந்தது. போர்த்துக்கீசியர் 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறையின் பரதவரோடு உறவு கொண்டு காலூன்றினர். 1658-இல் டச்சுக்காரர் அவர்களை வெளியேற்றி, முத்தையும் சங்கையும் துணியையும் தம் கைக்குள் கொண்டுவந்தனர். 1825-இல் ஊர் நிரந்தரமாக ஆங்கிலக் கும்பினியின் வசமாயிற்று.

இத்தனை அரசுகள் விரும்பிய அந்தக் கரைக்கு ஒரு பெருங்குறை இருந்தது: ஆழம் இல்லை. மன்னார் வளைகுடாவின் பவழப் பாறைகளும் சிறு தீவுகளும், அவற்றுக்கு அப்பால் இலங்கையும் அரணாக நிற்பதனால் அலைச் சீற்றம் குறைவு. வங்கக் கடலின் மற்ற கரைகளில் வேலை நின்றுபோகும் பருவங்களிலும் இங்கே சரக்கு ஏற்றலாம். ஆனால் நீராவிக் கப்பல் ஒன்று கரையை அணுக விரும்பினால், அது ஏறக்குறைய ஐந்து மைல் தொலைவிலேயே நங்கூரம் பாய்ச்சி நிற்க வேண்டியிருந்தது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே பாய்மரத் தோணிகளே பாலம். கிட்டங்கியிலிருந்து சுமைகாரர் தலைச்சுமையாகவும் வண்டியிலும் கொண்டுவந்த பஞ்சுப் பொதிகள் தோணியில் அடுக்கப்பட்டு, காற்று வாய்த்தால் பாய் விரித்தும் வாய்க்காவிட்டால் துடுப்புப் போட்டும் கப்பலை அடைந்து, அங்கே கயிற்றுச் சுருக்கில் தொங்கி மேலே ஏறின. ஒரு கப்பல் நிறைவதற்கு நாட்கணக்கில் ஆகும். இவ்வளவு சிரமத்தையும் வணிகர் பொறுத்துக்கொண்டது எதனால் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு விடை பஞ்சு. கோவில்பட்டி, எட்டயபுரம், விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் விளைந்த பஞ்சு 'டின்னி' என்ற பெயரோடு லிவர்ப்பூல் சந்தையில் விலைபோயிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போர் லங்காஷயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு வரவொட்டாமல் தடுத்தபோது, இந்தியப் பஞ்சின் விலை நினையாத உயரத்துக்கு ஏறிற்று. தென்பாண்டிக் கரிசலின் பஞ்சுக்கு அருகில் இருந்த வாயில் தூத்துக்குடியே ஆகையால் ஊரும் அதனோடு ஏறிற்று. 1866-இல் நகரசபை வந்தது. 1876-இல் மதுரையிலிருந்து ரயில் பாதை வந்து கடலைத் தொட்டது. ரல்லி, வோல்கார்ட் போன்ற ஐரோப்பிய நிறுவனங்கள் பஞ்சு வாங்கி அழுத்திக் கட்டும் பிரஸ்களை நிறுவின. ஹார்வி சகோதரர்கள் பஞ்சைக் கப்பலேற்றுவதோடு நில்லாமல் அங்கேயே நூற்கவும் தலைப்பட்டு கோரல் ஆலையைத் தொடங்கினர். நல்ல துறை இல்லாத ஊர், நல்ல சரக்கு இருந்த காரணத்தால் சென்னை மாகாணத்தின் முன்னணித் துறைமுகங்களுள் ஒன்றாயிற்று.

இந்தப் பஞ்சுச் சந்தையில் கொங்கு நாடு சிறிது தாமதமாகவே புகுந்தது என்றாலும், புகுந்தபோது உறுதியாகப் புகுந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மாகாணத்துக்கு வந்த கம்போடியா ரகப் பஞ்சு, மானாவாரிக் கரிசலைக் காட்டிலும் தண்ணீர் பாய்ந்த தோட்டத்தையே அதிகம் விரும்பிற்று. ஆழக் கிணறு வெட்டி, கவலை பூட்டி, விடியுமுன்னே மாடுகளை இறவைக்குப் பழக்கிய கொங்கு வேளாளனுக்கு அது வாய்த்த பயிர். அதன் நீண்ட இழை உயர்ந்த எண் நூலுக்கு ஏற்றது. திருப்பூர்ச் சந்தையும் கோவைச் சந்தையும் அதனால் பெயர்பெற்றன. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சிக்கு 1915-இல் போடப்பட்ட பாதை, 1928-இல் பழனி வழியாகத் திண்டுக்கல் வரை நீண்டபோது, உடுமலை, பொள்ளாச்சிப் பஞ்சு மதுரை மார்க்கமாகத் தூத்துக்குடிக் கரை வரை ஒரே மீட்டர்கேஜ் பாதையில் வண்டி மாறாமல் செல்ல வழி பிறந்தது. 1888-இல் ஸ்டேன்ஸ் ஆலையோடு தொடங்கிய கோவையின் நூற்புத் தொழில், 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைமேல் ஆலையாகப் பெருகியபோது, விளைந்த பஞ்சில் பெரும்பங்கு இங்கேயே நூலாயிற்று. பஞ்சு போன வழியில் பின்னர் நூல் போயிற்று. நூல் போன வழியில் இன்று ஆடை போகிறது.

கோவைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே வர்த்தகத்தைக் காட்டிலும் ஆழமான ஒரு பந்தம் உண்டு. தூத்துக்குடி, கொழும்பு மார்க்கத்தில் ஏகபோகமாக ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கும்பினியை எதிர்த்து, வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். மறு ஆண்டு 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றும் 1,300 சாதாரணப் பிரயாணிகளையும் 4,000 மூட்டைகளையும் ஏற்றவல்லது. எதிரிக் கும்பினி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இலவசமாகவே ஏற்றிச் சென்று, போதாக்குறைக்குக் குடையும் கொடுத்ததாகச் சொல்வார்கள். 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்ற பிள்ளை, அவ்வாண்டு மார்ச் 12-இல் கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அவரைக் கொண்டுவந்து அடைத்த இடம் கோவைச் சிறை.

கடலில் கப்பல் விட்ட மனிதர், கடலே தெரியாத இந்தக் கொங்கு நகரத்தில் முதலில் சணல் கிழிக்கும் யந்திரத்தைச் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிய உழைத்தார். பின்னர் மாட்டுக்குப் பதிலாகச் செக்கிழுத்தார். 1908 ஜூலை முதல் 1910 டிசம்பர் வரை அந்தச் சிறையில் அவர் பட்ட பாடு தமிழர் அனைவரும் அறிந்தது. அறியப்படாமல் போவது, அந்நாட்களில் அவர் குடும்பத்தைத் தாங்கியவர்களுள் கோவை வழக்கறிஞர் சி. கே. சுப்பிரமணிய முதலியார் முதன்மையானவர் என்பது. அந்த நன்றியால் பிள்ளை தம் மகனுக்குச் சுப்பிரமணியம் என்று பெயரிட்டார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் அவர் வெளிவந்தபோது, கம்பெனி கலைக்கப்பட்டுக் கப்பல்கள் கைமாறியிருந்தன. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 2011-இல் அவர் பெயர் சூட்டப்பட்டதைக் கோவையும் தன் கௌரவமாகக் கொள்ளலாம். சற்றுக் கடனாகவும் கொள்ளலாம்.

சுதந்திரத்துக்குப் பின்னும் வெகுகாலம் தோணிகளே ஓடின. கரைக்குக் கப்பலைக் கொண்டுவர வழி ஒன்றே: கடலுக்குள் கல் கொட்டி, ஆழத்தை நோக்கி இரு கைகளாக நீட்டி, நடுவே அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்குவது. 1964 நவம்பரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அடிக்கல் நாட்டினார். ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளத்தில் வடக்கே ஓர் அலைதடுப்புச் சுவரும் அதற்குச் சற்றே குறைந்த நீளத்தில் தெற்கே ஒன்றும், இடையே 1,275 மீட்டர் வெளி விட்டு எழுந்தன. 1974 ஜூலை 11-இல் இந்தியாவின் பத்தாவது பெருந்துறைமுகமாக அது அறிவிக்கப்பட்டது; 1979 ஏப்ரல் முதல் நாள் பழைய சிறு துறைமுகமும் புதியதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. இயற்கை கொடுக்க மறுத்ததை மனிதர் கட்டிக்கொண்டனர்.

அதே காலத்தில் உலகத்தின் கப்பல் தொழிலையே புரட்டிப்போட்ட மாறுதல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1956 ஏப்ரலில் அமெரிக்காவின் லாரி முதலாளி மால்கம் மக்லீன், 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி நூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கை ஒவ்வொன்றாகத் தொட்டு ஏற்றாமல், சரக்கு அடைத்த பெட்டியை லாரியிலிருந்து கப்பலுக்கும் கப்பலிலிருந்து ரயிலுக்கும் அப்படியே தூக்கி வைப்பது. அவருடைய யோசனை அவ்வளவே. இந்தியாவுக்கு வந்த முதல் கண்டெய்னர் கப்பல் 1973-இல் கொச்சியை அடைந்தது. கொச்சி அதற்கு முன்பே துறைமுகக் கலையில் பெயர்பெற்ற இடம். ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி, 1928 மே மாதத்தில் 'பத்மா' கப்பலை உள்ளே கொண்டுவந்த வரலாறு அதற்கு உண்டு. தூத்துக்குடியில் தனிக் கண்டெய்னர் முனையம் 1999-இல்தான் இயங்கத் தொடங்கிற்று.

அந்தப் பெட்டியை அருகில் நின்று பார்ப்போம். நூற்பாலையின் முற்றத்துக்கு வந்து நிற்கும் பெட்டியின் நீளம் 20 அடி, அல்லது 40 அடி. அகலம் 8 அடி. எட்டு மூலையிலும் துளையிட்ட வார்ப்பெஃகுக் கட்டிகள் பதிந்திருக்கின்றன. கிரேனின் பூட்டு நுழைந்து திரும்பிப் பிடிப்பது அவற்றில்தான். கதவில் உரிமையாளனைக் குறிக்கும் மூன்று எழுத்து, பிறகு 'யு' என்னும் எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாகக் கட்டத்துக்குள் ஓர் இலக்கம். அந்தக் கடைசி இலக்கம் முன்னால் உள்ள பத்தையும் கணக்கிட்டு வருவதாகையால், எண்ணை எழுதுபவன் ஓரிடம் தவறினாலும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். பாரம் ஏற்றுமுன் மேஸ்திரி உள்ளே நுழைந்து, இரு கதவுகளையும் வெளியிலிருந்து சாத்தச் சொல்லி, இருட்டில் நின்று கூரையையும் சுவரையும் பார்க்கிறார். ஊசி முனையளவு வெளிச்சம் தெரிந்தாலும் பெட்டி திருப்பி அனுப்பப்படும்; வெளிச்சம் நுழையும் இடத்தில் கடல்நீர் நுழையும், ஈரம் பட்ட நூல் கறைபடும். முன்பு சென்ற சரக்கின் நாற்றம் தரைப் பலகையில் தங்கியிருக்கிறதா என்று முகர்ந்தும் பார்க்கிறார். பிறகு கோன்கள் அடுக்கிய அட்டைப் பெட்டிகள், இடையிடையே ஈரம் உறிஞ்சும் பைகள். கதவு மூடியதும் போல்ட் சீல். முன்னாளில் கலால் அதிகாரி வந்து நின்று சீல் வைத்தார். 2017-க்குப் பின் மின்னணு சீலை ஏற்றுமதியாளரே வைத்துக்கொள்ளலாம். பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் என்று லாரி இரவெல்லாம் ஓடுகிறது. ஒரு காலத்தில் பஞ்சுப் பொதிகள் கரைக்குப் போன அந்தக் கரிசல் நிலத்தைக் கடந்தே கொங்கு நூல் கடலை அடைகிறது.

தூரம் குறைந்த கொச்சியை விட்டு, கொங்குச் சரக்கில் பெரும்பகுதி ஏன் தூத்துக்குடியை நாடிற்று என்று கேட்பவர்கள் உண்டு. வாளையாறுச் சோதனைச் சாவடியில் லாரிகள் மைல் கணக்கில் வரிசை கட்டி நின்ற நாட்களைக் கண்டவர்களுக்கு அந்த ஐயம் வராது. மலை விட்ட வழியை மாநில எல்லை அடைத்தது என்றே சொல்ல வேண்டும். சரக்கு சேவை வரி வந்து சாவடிகள் எடுக்கப்பட்டபின் அத்தடை நீங்கிற்று. 2011-இல் வல்லார்பாடத்தில் கொச்சியின் புதிய முனையமும் திறக்கப்பட்டது. ஆயினும் ஆண்டுகளாகப் பழகிய கிளியரிங் ஏஜெண்டுகளும், கிட்டங்கிகளும், லாரிக்காரர்களும், அடிக்கடி புறப்படும் கப்பல்களும் ஒரே நாளில் இடம் மாறிவிடுவதில்லை. வணிகத்தில் பழகிய தடத்துக்கு அத்தனை வலிமை இருக்கிறது.

இன்று அத்தடத்தில் செல்வன எவை? 1970-களின் இறுதியில் இத்தாலிய வணிகருக்குப் பின்னலாடை தைத்து அனுப்பத் தொடங்கிய திருப்பூர், ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் நகரமாகிவிட்டது. பெரியநாயக்கன்பாளையத்தில், 1962-இல் சுவிட்சர்லாந்தின் ரீட்டர் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு தோன்றிய லட்சுமி மெஷின் ஒர்க்ஸின் நூற்பு யந்திரங்கள் பாகம் பாகமாகப் பெட்டிக்குள் அடைபட்டு வெளிநாட்டு ஆலைகளுக்குப் போகின்றன. யந்திரத்தை மேனாட்டிலிருந்து இறக்கிய நாடு அதை ஏற்றுமதி செய்கிறது என்பதில் நான் பெருமிதம் கொள்கிறேன். பொள்ளாச்சிப் பக்கத்தில் கயிற்று ஆலை வாசல்களில் குன்றாகக் குவிந்து, ஊருக்குத் தொல்லையென்று கருதப்பட்ட தென்னைநார்க் கழிவு, இப்போது கழுவி உலர்த்தப்பட்டு ஐந்து கிலோக் கட்டிகளாக அழுத்தப்பட்டு, அயல்நாட்டுப் பசுங்குடில்களில் மண்ணுக்குப் பதிலாகத் தக்காளி வளர்க்கிறது. வருவன: அமெரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் பஞ்சு, காகித ஆலைகளுக்கு மேலைநாட்டுப் பழங்காகிதம், மரம், பட்டறைகளுக்குப் பழைய இரும்பு. பஞ்சு ஏற்றுமதியால் பிறந்த துறைமுகத்தில் பஞ்சு இறக்குமதியாகிறது. கொங்குத் தோட்டங்களில் கம்போடியாப் பருத்தி மறைந்து தென்னையும் மக்காச்சோளமும் நிற்பதையும், ஆலைகளின் நூற்புக் கதிர்கள் பெருகிய அளவுக்கு இந்நாட்டுப் பருத்தி பெருகாததையும் எண்ணும்போது மகிழ முடியவில்லை.

தோணித் தொழிலாளரைப் பற்றி ஒரு சொல். தலைமுறை தலைமுறையாகக் காற்றையும் நீரோட்டத்தையும் படித்தறிந்து கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கோட்டிய அம்மக்களின் வேலையைப் புதிய துறைமுகமும் பெட்டியும் சேர்ந்து பறித்துக்கொண்டன. எஞ்சிய தோணிகள் பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குக் காய்கறியும் கட்டுமானப் பொருள்களும் ஏற்றிச் செல்கின்றன. துறைமுகம் வளர்ந்த கதையைச் சொல்பவர் இவர்களை விட்டுவிட்டுச் சொன்னால் அது பாதிக் கதை.

ஆழத்தின் பிரச்சினையும் முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆயிரக்கணக்கான பெட்டிகளைச் சுமக்கும் தாய்க்கப்பல்கள் நெடுங்காலமாகத் தூத்துக்குடிக்கு வராமல் கொழும்பிலேயே நிற்கின்றன. இங்கிருந்து சிறிய கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே இறங்கிக் காத்திருந்து, மீண்டும் ஏறியே கொங்கு நாட்டின் நூலும் ஆடையும் ஐரோப்பாவை நோக்கிப் புறப்படுகின்றன. அன்று ஐந்து மைல் தொலைவில் நின்ற கப்பலுக்குத் தோணி செய்த வேலையை இன்று இந்தச் சிறுகப்பல் செய்கிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கூலியும் நாளும் செலவாகின்றன. பருவம் தவறிச் சென்று சேரும் ஆடைக்கு விலை குறைகிறது. 2024 செப்டம்பரில் மூன்றாவது கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 7 லட்சம் பெட்டி அளவுக்கு மேல் கையாளும் இத்துறைமுகத்துக்கு, இன்னும் ஆழமான நீரில் வெளித்துறைமுகம் ஒன்று அமைக்க வேண்டும் என்ற திட்டமும் பேசப்பட்டு வருகிறது. இருகூரில் உள்ள சரக்குப் பெட்டி நிலையத்திலிருந்து ரயிலிலேயே பெட்டிகள் ஒழுங்காகக் கரைக்குச் செல்லவும், அங்கே தாய்க்கப்பல் நேராக வந்து அணையவும் வழி செய்ய வேண்டும் என்பதே கோவை, திருப்பூர் வணிகர்கள் டில்லிக்கும் சென்னைக்கும் இடைவிடாமல் சமர்ப்பித்துவரும் விண்ணப்பம்.